எஃப்டிடிடி இருக்கும்போது மோமென்ட் முறை எதற்கு?

கட்டம்74: மின்காந்தக் கணிப்பு வகுப்பில் ஒரு பருவம் முழுக்க மோமென்ட் முறைக்கே (பரப்பைத் துண்டுகளாக்கி, அவற்றின் மின்னோட்டங்களை ஒரே சமன்பாட்டுத் தொகுதியாகத் தீர்ப்பது) போகிறது. வேண்டாம் என்கிறேன். கேன் யீ 1966-இல் காட்டிய எஃப்டிடிடி (புலங்களை நேரப்படி படிப்படியாக நகர்த்தும் கட்ட முறை) போதும். வெளியைச் சிறு பெட்டிகளாக வெட்டி, மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் அரைப்பெட்டி தள்ளிவைத்து மாறி மாறிக் கணக்கிட வேண்டியதுதான். ஒரே துடிப்பை அனுப்பினால் அலைவரிசை முழுவதுக்கும் விடை வந்துவிடும். காதோரம் வைத்த செல்போனை எடுங்கள். தோல், எலும்பு, மூளை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்பண்பு. மோமென்ட் முறையில் அதைப் போட்டுப் பாருங்கள், தெரியும்.

முக்கோணம்: தலைக்குக் கட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். உலோகத்துக்கு? அங்கே கண்டுபிடிக்க வேண்டியது மேற்பரப்பு மின்னோட்டம் மட்டும். ராவ், வில்டன், கிளிசன் மூவரும் 1982-இல் தந்த முக்கோணச் சார்புகள் (பரப்பை முக்கோணங்களாக வெட்டி, அவற்றின் மேல் மின்னோட்டத்தை விவரிப்பவை) வளைவை ஒட்டியே போகும். உங்கள் பெட்டிகளில் கோளம் படிக்கட்டாகிவிடும். சுற்றியுள்ள வெற்றிடத்தையும் நீங்கள் கணக்கிட வேண்டும், எல்லையில் அலையை விழுங்க பெரெங்கரின் அடுக்கும் வேண்டும். எங்களுக்கு கிரீன் சார்பே (ஒரு புள்ளி மூலம் எங்கும் உண்டாக்கும் புலத்தைத் தரும் வாய்பாடு) முடிவிலிவரை பார்த்துக்கொள்ளும்.

கட்டம்74: அதற்கு என்ன விலை? 50,000 மாறிகள் என்றால் அவற்றை இணைக்கும் அணியில் (மேட்ரிக்ஸ்) 250 கோடி உறுப்புகள். ஆளுக்கு 16 பைட், மொத்தம் 40 ஜிபி. இன்னொன்று. 15 செ.மீ. ஆரமுள்ள உலோகக் கோளத்தை மோமென்ட் முறையில் ஓட்டினேன். 873 மெகாஹெர்ட்ஸை நெருங்கியதும் மின்னோட்டம் கண்டபடி ஊதிவிட்டது. கோளத்துக்கு குஸ்டாவ் மீ 1908-இல் தந்த துல்லியத் தொடரில் அந்த ஊதல் இல்லவே இல்லை.

அலைநீளம்: உலோகப் பரப்பில் மின்புலத்துக்கு எழுதும் சமன்பாட்டை (மின்புலச் சமன்பாடு) மட்டும் போட்டிருப்பீர்கள். அந்த இடத்தில் கோளத்தின் சுற்றளவு அலைநீளத்தைப் போல் 2.744 மடங்கு. உள்ளே வெற்றிடமான உலோகக் கூடாக நினைத்தால் முதல் ஒத்ததிர்வு சரியாக அங்கேதான் வரும்; அங்கே அந்தச் சமன்பாட்டுக்கு ஒரே விடை என்று கிடையாது. காந்தப்புலச் சமன்பாட்டையும் சேர்த்து ஓட்டுங்கள். 40 ஜிபிக்கும் வழி உண்டு: ரோக்லினும் கிரீன்கார்டும் 1987-இல் தந்த விரைவு மல்டிபோல். தூரத்து முக்கோணங்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்துப் பார்ப்பதால் முழு அணியையும் நினைவகத்தில் வைக்க வேண்டியதில்லை.

கட்டம்74: சேர்த்து ஓட்டினேன். ஊதல் போய்விட்டது, மீ தொடரோடு ஒட்டுகிறது. சரி, ஆனால் காந்தப்புலச் சமன்பாடு மூடிய பரப்புக்கு மட்டும்தானே? மெல்லிய டிஷ் ஆன்டெனாவுக்கு என்ன செய்வீர்கள்?

முக்கோணம்: டிஷ் திறந்த பரப்பு. அதற்கு 'உள்ளே' என்று ஒன்று இல்லையே, அலை எங்கே போய் அடைபடும்? அங்கே மின்புலச் சமன்பாடு ஒன்றே போதும்.