கேக்குக்குள் வைத்த கிறிஸ்துமஸ் மரம் மிதக்கிறது, சாய்கிறது, கழன்று விழுகிறது. உதவி தேவை

தேன்சிட்டு:
வணக்கம். லோஃப் கேக்கை (பிரெட் மாதிரி நீளக் கேக்) எங்கே வெட்டினாலும் துண்டின் நடுவில் பச்சை மரம் தெரியணும். 24ஆம் தேதி ராத்திரி ஆராதனை முடிந்து பகிர்வதற்கான கேக். சோதனைக்குப் போட்டதில் பல குறை.

செய்த விதம்: முதலில் வெண்ணெய், சர்க்கரை, மைதா தலா 200 கிராம், 4 முட்டை, பச்சை திரவ கலர் சேர்த்து வெனிலா கேக். ஆறியதும் 2 செ.மீ. துண்டுகளாக்கி, 6 செ.மீ. உயர மரக் கட்டரால் வெட்டி, ராத்திரி முழுக்க ஃப்ரீசரில். மறுநாள் 9க்கு 5 இஞ்ச் டின்னில் (உயரம் 7 செ.மீ.) பாதி சாக்லேட் மாவை ஊற்றி, மரங்களை நிறுத்தி, மீதியை மேலே ஊற்றினேன். ஓடிஜியில் (சின்ன மின்சார ஓவன்) 180 டிகிரி, மேல் கீழ் ரெண்டு ராடும் எரிய, 50 நிமிடம்.

நடு மரங்கள் மிதந்து, ஒன்றின் நுனி மேல்தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஓரத்து மரங்கள் சாய்ந்துவிட்டன. துண்டு போட்டால் மரம் தனியாகக் கழன்று விழுகிறது. மரம் ரஸ்க் மாதிரி காய்ந்து, பச்சை பாசி நிறமாகிவிட்டது. மரத்தைச் சுற்றி களி மாதிரி வேகாத வளையம் வேறு. எதிலிருந்து திருத்தணும்?

வெண்ணெய்த்தாழி:
எல்லாக் குறையையும் பார்ப்பதற்கு முன் ஒன்று சொல்லுங்க. சாக்லேட் மாவு என்ன அளவு? வெண்ணெய் நுரைத்துச் செய்ததா, எண்ணெய் ஊற்றியதா?

தேன்சிட்டு:
எண்ணெய்தான். அரை கப் எண்ணெய், ஒரு கப் மோர், அரை கப் சுடுதண்ணீர். ரொம்ப மெத்தென்று வரும் என்பதால் அதை எடுத்தேன்.

வெண்ணெய்த்தாழி:
அங்கேதான் விஷயம். வெந்த கேக்கில் காற்று நிறைய இருப்பதால் அது வேகாத மாவைவிட லேசு. தண்ணியான மாவில் தக்கை மாதிரி மிதக்கத்தான் செய்யும். சூடு ஏறினால் எந்த மாவும் கெட்டியாவதற்கு முன் ஒருமுறை இளகும். முட்டை இறுகி மைதா வெந்து பிடிக்கும்வரை மரத்தைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. எண்ணெய் மோர் மாவு அடுப்புக்குள் போகும்போதே ஊற்றுகிற பதத்தில் இருக்கிறது. அதில் எந்த உபாயம் செய்தாலும் மரம் நிற்காது. வெளி மாவை மாற்றுங்க, பாதிக் குறை அதோடு போகும்.

உங்க டின்னுக்கு வெளி மாவு இது: வெண்ணெய் 250 கிராம், பொடித்த சர்க்கரை 250, முட்டை ஓடு நீக்கி 250 (நடுத்தரமானது 5), மைதா 205, கோகோ 45, பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், பால் 2 டேபிள்ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். பேக்கிங் பவுடரை இதற்கு மேல் கூட்டாதீங்க. மாவு வேகமாகப் பொங்கினால் மரத்தையும் சேர்த்துத் தள்ளும்.

பதம் பார்க்கும் விதம்: கரண்டியில் ஒரு வாய் எடுத்துக் கவிழ்த்துப் பிடிங்க. மாவு கரண்டியிலேயே கட்டியாகத் தொங்கி, மூணு எண்ணுவதற்குள் விழாமல், அப்புறம் "தொப்" என்று ஒரே உருண்டையாக விழணும். கிண்ணத்தில் விழுந்த குவியல் கரையாமல் மேட்டோடு நிற்கணும். நாடா மாதிரி வழிந்தால் அது மரம் வைக்கிற மாவு இல்லை. நம்ம ஊர் வெயிலில் வெண்ணெய் ஒரு மணி நேரம் வெளியே இருந்தாலே எண்ணெய் விட ஆரம்பித்துவிடும்; அதை எத்தனை அடித்தாலும் காற்று பிடிக்காது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் துண்டு போட்டு, விரலை அழுத்தினால் பள்ளம் விழுகிற பதம் வந்ததும் அடிக்கத் தொடங்குங்க. முட்டை சேர்த்தபின் இளகியதாகத் தெரிந்தால் கிண்ணத்தோடு 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மைதா சேர்க்கலாம்.

அடுமனை வாத்தியார்:
மேலே சொன்னதோடு ஒரு கணக்கு. உங்க கட்டர் டின்னுக்குப் பெரியது. டின் உயரமே 7 செ.மீ. அடியில் ஒரு செ.மீ. மாவு, அதன்மேல் 6 செ.மீ. மரம் என்றால் நுனி விளிம்பைத் தொட்டுவிடும், மூட இடமே இல்லை. மிதக்காமல் இருந்திருந்தாலும் நுனி வெளியே தெரிந்திருக்கும். 4 செ.மீ. உயரக் கட்டர் எடுங்க. அடி மாவு 1 செ.மீ., அதில் மரத்தின் காலை அரை செ.மீ. அழுத்தினால் நுனி நாலரை செ.மீ.யில் நிற்கும். மேல் மாவு 5 செ.மீ.யைச் சற்றுத் தாண்டும்வரை நிரப்பினால், உப்புவதற்கு இன்னும் ஒன்றே முக்கால் செ.மீ. இருக்கும். மேலே சொன்ன அளவு மாவு இந்த உயரத்துக்குச் சரியாக வரும்.

கிளை கிளையாக வெட்டு உள்ள கட்டர் வேண்டாம். அந்த இடுக்கில் காற்று அடைபடும். மரம் கழன்று விழ அதுவும் காரணம். வெறும் முக்கோணமும் ஒரு சின்னக் காலும் போதும். அடி அகலமான உருவம்தான் நிற்கும். இதயம் மாதிரி கீழே கூரான உருவத்தை முதல் முயற்சிக்கு எடுக்கவே கூடாது.

உள் கேக்கை லோஃப் டின்னில் சுட்டுத் துண்டு போடுவதைவிட, 20 செ.மீ. சதுர டின்னில் தட்டையாகச் சுடுவது நல்லது. வெண்ணெய், சர்க்கரை, மைதா தலா 150 கிராம், முட்டை 3, பேக்கிங் பவுடர் முக்கால் டீஸ்பூன். இரண்டரை செ.மீ. கனத்துக்கு வரும். மேலும் கீழும் பழுப்புத் தோலைச் சீவினால் 2 செ.மீ. நிற்கும். லோஃப் டின்னின் அடி நீளம் சுமார் 21 செ.மீ. என்பதால் 10 அல்லது 11 மரம் தேவை. அது தாராளமாகக் கிடைக்கும். அந்தத் தோலைச் சீவாமல் விட்டுவிடாதீங்க. பச்சை பாசி நிறமாவது பெரும்பாலும் தோலின் பழுப்பாலும் மஞ்சள் கருவின் நிறத்தாலும்தான். திரவ கலர் போதாது, ஜெல் கலர் முக்கால் டீஸ்பூன் போடுங்க. 160 டிகிரியில் 25 நிமிடம் கழித்துக் குச்சி விட்டுப் பாருங்க. ஓரிரு ஈரத் துகள் ஒட்டும்போதே எடுத்துவிடணும். இந்தக் கேக் இன்னொரு முறை அடுப்பைப் பார்க்கப் போகிறது.

பனிப்பெட்டி:
மரத்தை ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் கல்லாக்கி வைப்பதுதான் சரி. குளிர்ச்சியால் சுற்றியுள்ள மாவு இறுகி, மரம் அசையாமல் இருக்கும். அதை விட்டுவிடாதீங்க.

வெண்ணெய்த்தாழி:
குளிர்ச்சி வேணும், கல்லாக வேண்டாம். கல்லாக உறைந்த மரம் வெளியே வந்த சில நிமிடத்தில் வேர்த்துவிடும். விரலால் தொட்டால் ஈரம் தெரியும். அந்த நீர்ப்படலத்தின்மேல் மாவு ஒட்டாது. வெந்தபின் அங்கேதான் பிளவு விழும். தேன்சிட்டு சொன்ன களி வளையமும் இதோட வேலைதான்: பக்கத்து மாவு சூடேறவே நேரமாகிறது, வெளியே வெந்துவிட்டது என்று அதற்குள் எடுத்துவிடுகிறோம். மரங்களை வெட்டுவதற்கு உள் கேக் குளிர்ந்திருக்கணும் (ஃப்ரிட்ஜில் 4 மணி நேரம், இல்லையென்றால் ஓரம் உதிரும்). வெட்டியபின் தட்டில் பரப்பி 30 நிமிடம் ஃப்ரீசர், அவ்வளவுதான். கெட்டி மாவுக்கு அது தாராளம். எடுத்த 5 நிமிடத்துக்குள் எல்லாம் டின்னுக்குள் போகணும்.

அடுக்கும்போது: டின்னில் பட்டர் பேப்பரை ரெண்டு பக்கமும் வெளியே நீட்டிப் போடுங்க. அடி மாவைச் சமப்படுத்தி, நடுவில் நீளவாக்கில் குச்சியால் ஒரு கோடு கிழியுங்க. முதல் மரத்தின் முதுகை டின்னின் குட்டைச் சுவரில் ஒட்டி நிறுத்துங்க. அடுத்த மரத்தின் முகத்தில் கத்தி நுனியால் மாவை மெல்லிசாகப் பூசி, முந்தினதோடு அழுத்துங்க. அலமாரியில் புத்தகம் அடுக்குவது போல, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை இடைவெளி இல்லாமல் வரணும். கடைசியில் ஒரு செ.மீ. இடம் மிஞ்சினால் ஒரு மரத்தைப் பாதிக் கனமாக அறுத்துச் செருகுங்க. ரெண்டு முனையும் சுவரில் முட்டி நிற்கிற வரிசை சாயாது.

மேல் மாவைக் கரண்டியால் கொட்டக்கூடாது. பைப்பிங் பேக்கில் (மாவு பிழியும் கூம்புப் பை) நிரப்பி, நுனியை ஒரு செ.மீ. வெட்டி, முதலில் மரத்தின் காலடியில் இடது பக்கம் ஒரு வரி, வலது பக்கம் ஒரு வரி. மாறி மாறி ஏறுங்க. ஒரே பக்கம் நிரப்பினால் அந்த எடையே வரிசையைத் தள்ளிவிடும். நுனிக்குமேல் கடைசி வரி கொஞ்சம் தடிமனாக.

சீனிப்பாகு (யாழ்ப்பாணம்):
ஓவனைப் பற்றி நான் சொல்றன். 180 கூடிப்போச்சு. மேல் கம்பி சூட்டில தோல் முதலே இறுகி, உள்ள இருக்கிற மா பொங்க வழியில்லாமல் நடுவால வெடிக்குது. 160இல 15 நிமிசம் முதலே சூடாக்கி, தட்டைக் கீழ்ப்பக்கம் வைச்சு, 70 நிமிசத்துக்குப் பிறகு பாருங்கோ. 80 வரைக்கும் போகும். 40ஆவது நிமிசம் மேல அலுமினியத் தாள் மூடுங்கோ.

முக்கியமானது, குச்சியை நடுவில குத்திப் பார்க்காதேங்கோ! அது மரத்துக்குள்ளதான் போகும். மரம் ஏற்கெனவே வெந்தது, குச்சி எப்பவும் சுத்தமாத்தான் வரும். மரத்துக்கும் தட்டுச் சுவருக்கும் இடையில, அடிப்பக்கம் பார்த்துச் சரிச்சுக் குத்துங்கோ. வெப்பமானி இருந்தால் அந்த இடத்தில 97 டிகிரி காட்ட எடுக்கலாம்.

மல்லிகைப்பந்தல்:
இடையில் ஒரு சந்தேகம். எங்க வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. கண்டென்ஸ்டு மில்க் கேக்கில் இது வருமா? கலருக்குப் பதில் கீரைச் சாறு விடலாமா?

அடுமனை வாத்தியார்:
முட்டை இல்லாத மாவு இறுகத் தாமதமாகும், மரத்துக்கு மிதக்க அவ்வளவு நேரம் கிடைக்கும். அதனால் உங்களுக்கு வேறு வழி: சுட்ட பிறகு குடைந்து வைப்பது. 18 செ.மீ. வட்டக் கேக் மூன்று, ஒவ்வொன்றும் 3 செ.மீ. உயரம். நன்றாகக் குளிர்ந்ததும் சின்னக் கத்தியைச் சாய்த்துப் பிடித்து நடுவில் துளை எடுங்க. அடிக் கேக்கில் கீழே 8 செ.மீ. அகலம், மேலே 5. நடுக் கேக்கில் கீழே 6, மேலே மூன்றரை. மேல் கேக்கைக் கவிழ்த்து 5 செ.மீ. அகலக் கூம்புப் பள்ளம், மறுபக்கம் துளைக்காமல். 150 கிராம் பச்சைக் கேக் தூளில் 2 டேபிள்ஸ்பூன் பட்டர்கிரீம் பிசைந்து, கவிழ்த்த நிலையிலேயே பள்ளங்களில் அழுத்தி நிரப்பி, ஃப்ரிட்ஜில் இறுகியதும் நிமிர்த்தி அடுக்கினால் மூன்றடுக்கு மரம். இதில் ஒரு விஷயம்: முக்கோணத் துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டின் பக்கத்திலும் பாதி மரம்தான் தெரியும். முழு மரம் காட்ட முதல் வெட்டு கேக்கைச் சரிபாதியாக்கணும்.

கீரைச் சாறு வேண்டாம். சூட்டில் பச்சை மங்கி ஆலிவ் நிறமாகும், தண்ணியும் கூடும்.

தேன்சிட்டு:
எல்லாருக்கும் நன்றி. வெளியே சாக்லேட்டுக்குப் பதில் ப்ளம் கேக் வைத்தால்? பண்டிகைக்குப் பொருத்தமாக இருக்குமே.

சீனிப்பாகு (யாழ்ப்பாணம்):
வேண்டாம் பிள்ளை. பழமும் முந்திரியும் மரத்தின்ர ஓரத்தை மறைச்சுப்போடும், உருவம் வடிவாத் தெரியாது. எங்கட கிறிஸ்துமஸ் ரிச் கேக்கும் அப்பிடித்தான்: ரவை, கஜு (முந்திரி), பூசணி தோசி (சீனிப்பாகில காய்ச்சின பூசணித் துண்டு) எல்லாம் போட்டுக் குறைஞ்ச சூட்டில கனநேரம் வேகும். அவ்வளவு நேரத்தில மரம் காய்ஞ்சுபோகும். ப்ளம் கேக்கைத் தனியா வையுங்கோ.

தேன்சிட்டு:
வெண்ணெய் மாவு, 4 செ.மீ. முக்கோணக் கட்டர், 160 டிகிரி, 75 நிமிடம். மரங்கள் நேராக நிற்கின்றன, களி வளையம் இல்லை, நிறமும் நல்ல பச்சை. ஒன்றுதான் பாக்கி: எல்லாத் துண்டிலும் மரத்தின் இடது காலடியில் மட்டும் ஒரு நகக்கண் அளவு ஓட்டை. ஒரு மணி நேரம் ஆறியதும் வெட்டினேன், ரெண்டு துண்டில் மரம் லேசாகப் பிரிந்தது.

வெண்ணெய்த்தாழி:
ஒரே பக்கம் ஒரே இடத்தில் ஓட்டை என்றால் அங்கே பைப்பிங் பேக் நுனி அடிவரை போகவில்லை, காற்று அடைபட்டிருக்கிறது. நுனியை அந்த மூலையில் மாவைத் தொடும்வரை இறக்கிப் பிழியுங்க. முதல் வரி முடிந்ததும் டின்னை மடித்த துணிமேல் மெதுவாக ரெண்டு தட்டு. அதற்குமேல் தட்டினால் வரிசை நகரும்.

மரம் பிரிந்தது சீக்கிரம் வெட்டியதால். டின்னில் 15 நிமிடம், கம்பித்தட்டில் 3 மணி நேரம், பிறகு க்ளிங் ராப்பில் (ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) இறுக்கிச் சுற்றி ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜுக்கு வெளியிலேயே. அதற்குள் வெளி கேக்கின் ஈரம் மரத்துக்குள் கொஞ்சம் இறங்கும், ரெண்டும் பிடித்துக்கொள்ளும். அதனால் 23ஆம் தேதி காலையில் சுட்டுவிடுங்க. ரம்பப் பல் கத்தியால், ஒவ்வொரு துண்டுக்கும் கத்தியைத் துடைத்து, ஒன்றரை செ.மீ. கனத்துக்கு வெட்டுங்க. முனைத் துண்டில் சுவர்ப் பக்கம் பச்சை அப்படியே வெளியே தெரியும், அதை மட்டும் சீவிவிட்டுத் தட்டில் வையுங்க.