நாலு வில்லும் ஒரே இடத்தில் மடங்குகின்றன: மரத்தின் பிழையா, நான் கற்றுக்கொடுத்த விதமா?

கேள்வி

வணக்கம். 12 வருடமாகக் கையால் மர வில் செய்கிறேன். இந்த வருடம்தான் முதல்முறையாக 6 பேருக்குக் கற்றுக்கொடுக்கிறேன். எல்லாருக்கும் ஒரே மரத்தில் பிளந்த கட்டை, ஒரே அளவு. நீளம் 68 அங்குலம். நாணை 28 அங்குலம் இழுக்க 40 பவுண்டு விசை வேண்டும் என்பது குறி.

6 வில்லில் 4 ஒரே மாதிரி கெட்டுவிட்டன. மேல்கையின் (பிடிக்கு மேலே வளையும் பாதி) நடுப்பகுதி கீல் வைத்ததுபோல மடங்குகிறது. அதைத் தாண்டி நுனிவரை பலகை மாதிரி விறைப்பாக நிற்கிறது. நாணைக் கழற்றினால் அந்தக் கை நிமிருவதில்லை, 2 அங்குலம் வளைந்தே இருக்கிறது. ஐந்தாவது வில்லில் வேறு தொல்லை: முதுகில் (எய்பவருக்கு எதிர்ப்புறம்) ஒரு சிராய் கிளம்பப் பார்க்கிறது.

நான் தனியாகச் செய்யும்போது இப்படி வந்ததே இல்லை. எங்கே சுரண்ட வேண்டுமோ அங்கே கை தானாகப் போகும். அதை வாயால் சொல்லத் தெரியவில்லை. மரம் சரியாகக் காயவில்லையா? செய்தவர்கள் நொந்துபோயிருக்கிறார்கள். இந்த 4 வில்லையும் காப்பாற்ற வழி இருக்கிறதா?

பதில் 1

ஈரம் காரணமாக இருந்தால் வில் முழுக்கவே சோர்ந்து வளையும். ஒரே இடத்தில் மடங்குகிறது என்றால் அங்கே மரம் மெலிந்திருக்கிறது. இருந்தாலும் கட்டையை 3 நாளுக்கு ஒருமுறை எடை பாருங்கள். எடை குறைவது நின்றிருந்தால் காய்ந்துவிட்டது என்று பொருள்.

பிடியிலிருந்து நுனிவரை 4 அங்குலத்துக்கு ஒரு இடமாகத் தடிமனை அளந்து பக்கவாட்டிலேயே பென்சிலால் எழுதுங்கள். அவர்கள் எப்படி உட்கார்ந்து சுரண்டுகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கேட்டவர்

எடை நின்று ஒரு மாதம் ஆகிறது. மோசமான வில்லில் மேல்கையின் தடிமன் மில்லிமீட்டரில்: 14, 13, 11, 12.5, 12. கீழ்க்கையில் சீராக இறங்குகிறது.

பிடியை இடுக்கியில் கவ்வி, கத்தியை நுனியிலிருந்து பிடியை நோக்கி ஒரே நீள இழுப்பாக இழுக்கிறார்கள். எல்லா வில்லிலும் கீழ்க்கையை நான் செய்து காட்டினேன், மேல்கையை அவர்கள் செய்தார்கள். இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

பதில் 2

விடை உங்கள் அளவிலேயே இருக்கிறது. விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 10 மி.மீ. இருந்த இடம் 9 ஆனால் விறைப்பில் 27 சதவீதம் போய்விடும். உங்கள் கட்டையில் 13க்கும் 12.5க்கும் நடுவே 12.75 இருக்க வேண்டிய இடத்தில் 11 இருக்கிறது; மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விறைப்பு போய்விட்டது. அகலம் அப்படியல்ல, பாதியாக்கினால் விறைப்பும் பாதிதான் ஆகும். மாணவர்களுக்கு முதல் நாளே சொல்ல வேண்டியது இதுதான். பக்கவாட்டில் எடுக்கும்போது தவறு நடந்தால் சமாளிக்கலாம், வயிற்றில் (எய்பவரைப் பார்க்கும் பக்கம்) எடுக்கும்போது முடியாது.

நீள இழுப்பில் கத்தி நடுவில்தான் ஆழமாக இறங்கும். தொடக்கத்தில் கை தயங்கும், முடிவில் தளரும், நடுவில் முழு பலமும் விழும். பழகிய கை தன்னை அறியாமலே அதைச் சரிசெய்துகொள்ளும். புதியவரிடம் "சீராக இழு" என்று சொல்வதில் பயனில்லை. நான் இப்படித்தான் மாற்றினேன்: வயிறு முழுக்கப் பென்சிலால் கிறுக்கச் சொல்வேன். ஒரு சாண் நீளத்துக்கு மேல் கத்தி ஓடக் கூடாது. கிறுக்கல் எல்லா இடத்திலும் அழிந்த பிறகுதான் அடுத்த கிறுக்கல். எங்கே அதிகம் போயிற்று என்று அவர்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று, 5 அங்குல நீளமுள்ள ஒரு நேரான மரத்துண்டு. நடுவில் துளையிட்டு ஒரு பென்சிலைச் செருகுங்கள். வில்லைக் கொஞ்சம் வளைத்து நிறுத்தி, வயிற்றின் மேல் அந்தத் துண்டை வையுங்கள். மிக அதிகமாக வளைந்த இடத்தில் பென்சில் முனை மரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்துக்கொண்டு, வில்கையின் நீளத்துக்கு ஓட்டுங்கள். எங்கெல்லாம் கோடு விழுகிறதோ அந்த இடமெல்லாம் வளையாமல் விறைத்து நிற்கிறது. கோட்டை மட்டும் சுரண்ட வேண்டும். கீல் விழுந்த இடத்தில் கோடே விழாது, அதனால் யாரும் அங்கே கை வைக்க மாட்டார்கள். உங்கள் விரலுக்குத் தெரிந்ததை அவர்கள் கண்ணுக்குக் காட்டுவது இந்தத் துண்டுதான்.

வளைவைப் பார்க்க வில்லைச் சட்டத்தில் மாட்டி நாணை இழுக்கும்போது இரண்டு கட்டுப்பாடு. குறி 40 பவுண்டு என்றால், 12 அங்குலத்திலேயே 40 வந்தாலும் அங்கேயே நிறுத்த வேண்டும். பிழை கண்ணில் பட்டால் அதற்கு முன்பே நிறுத்த வேண்டும். கீல் விழுந்த வில்லை "எவ்வளவு தூரம் வருகிறது பார்ப்போம்" என்று இழுத்ததால்தான் அந்த 2 அங்குலம் நிமிராமல் நின்றுவிட்டது. ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் கொஞ்ச தூரத்துக்கு 20, 30 தடவை இழுத்துவிட்டுப் பாருங்கள். எடுத்த மரத்தின் விளைவு அப்போதுதான் முழுதாகத் தெரியும்.

அந்த 4 வில்லுக்கு: முதலில் விளக்கைச் சாய்வாகப் பிடித்து, மடிந்த இடத்தில் வயிற்றைப் பாருங்கள். குறுக்கே மயிரிழை போலக் கோடுகள் தெரிந்து, நகம் அதில் மாட்டினால் மர நார் நசுங்கிவிட்டது. அதை வில்லாக்க வேண்டாம். கோடு இல்லையென்றால் மெலிந்த இடத்தைத் தொடாமல் மற்ற இடங்களையும் கீழ்க்கையையும் அதன் அளவுக்கு இறக்குங்கள். 40 கிடைக்காது, 28, 30 பவுண்டில் நல்ல பயிற்சி வில் கிடைக்கும்.

உங்கள் மனம் நோகக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: அவர்கள் கட்டையில் நீங்கள் கத்தி வைக்காதீர்கள். காட்டுவதற்கு உங்களுக்கென்று ஒரு கட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 3

சிராய் பற்றி. முதுகுதான் இழுவையைத் தாங்குகிறது. அங்கே ஒரே ஆண்டு வளையம் நுனி முதல் நுனிவரை அறுபடாமல் ஓட வேண்டும். உளி வளையத்தை வெட்டிய இடத்தில்தான் சிராய் கிளம்பும். சிறியதென்றால் அடியில் நீர்த்த பசை ஊற்றி, பட்டு நூலால் நெருக்கமாகச் சுற்றலாம். நீளமாக ஓடினால் முதுகு முழுக்க லினன் துணி ஒட்டி, பவுண்டையும் குறைக்க வேண்டும். அதுவரை யாரும் அதை இழுக்க வேண்டாம், முகத்துக்கு நேரே உடையும்.

வெளிப்புற வெள்ளை மரத்தை எடுக்க வேண்டுமா என்று மாணவர்கள் கேட்பார்கள். அது மரத்துக்கு மரம் மாறும். 1545இல் மூழ்கி, 1982இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலோடு கிடைத்த யூ மர விற்களில் வெள்ளை முதுகாகவும் வைரம் (உள்மரம்) வயிறாகவும் இருக்கிறது. வெள்ளை இழுவையைத் தாங்கும், வைரம் அழுத்தத்தைத் தாங்கும். எல்லா மரத்துக்கும் இது பொருந்தாது.

கேட்டவர்

3 வாரம் கழித்து எழுதுகிறேன். 4இல் ஒன்றில் நகம் மாட்டியது. அதை நெடுக்காக அறுத்து, உள்ளே நார் எப்படி நசுங்கியிருக்கிறது என்று எல்லாருக்கும் காட்டினேன். மற்ற மூன்றும் 27 முதல் 31 பவுண்டுக்குள் வந்து நிற்கின்றன. வளைவு சீராக இருக்கிறது. சிராய் வில்லுக்கு லினன் ஒட்டிக் காயவைத்திருக்கிறோம்.

வில் போனவர் புதுக் கட்டை எடுத்திருக்கிறார். நேற்று பென்சில் துண்டை ஓட்டிவிட்டு, "இங்கே கோடு விழவில்லை, விட்டுவிடுகிறேன்" என்று அவரே சொன்னார். நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன்.