வயல் எல்லை வழக்கு: மேன்முறையீட்டில் சாட்சிகளை மறுபடியும் கேட்பார்களா?

வயற்கரை கேட்டது:

வணக்கம். இலங்கையின் வன்னியில் ஒரு சிறு குளத்தின் கீழுள்ள எங்கள் வயலின் வடக்கு எல்லை தொடர்பாக அப்பா தொடுத்த வழக்கு, ஏழு ஆண்டுகள் நடந்து, கடந்த வாரம் மாவட்ட நீதிமன்றத்தில் எங்களுக்கு எதிராக முடிந்தது. அப்பாவும், இடப்பெயர்வுக்கு முன்பிருந்தே பக்கத்து வயலைச் செய்துவந்த முதியவர் ஒருவரும் எங்கள் தரப்பில் சாட்சியமளித்தனர். அவர்கள் இருவரையும் கேட்ட நீதிபதி இடமாற்றம் பெற்றுச் சென்றுவிட்டார். பின்னர் வந்தவர் எதிராளியின் சாட்சியத்தை மட்டும் நேரில் கேட்டுத் தீர்ப்பெழுதினார். அப்பாவின் சாட்சியம் "நம்பத்தக்கதாக இல்லை" என்பது அதில் முக்கிய காரணம்.

வழக்கேட்டின் பிரதியை எடுத்துப் படித்தேன். எல்லையில் நின்ற பாலைமரத்திலிருந்து வரம்பு எப்படி வளைந்து வாய்க்காலுக்குப் போனது என்று அப்பா கூண்டில் நின்று கையை நீட்டிக் காட்டியது என் கண்ணுக்குள் நிற்கிறது. ஏட்டில் "வரம்பு இப்படி வந்து அதிலே முடியும்" என்ற ஒரு வரிதான் இருக்கிறது. அந்த முதியவரும் சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். மேன்முறையீடு செய்தால் அப்பாவை மறுபடியும் அழைத்துக் கேட்பார்களா? நம்பவில்லை என்று கீழ் நீதிமன்றம் எழுதிய பின்னர் அதை மாற்ற இடமுண்டா?

பழைய சட்டத்தரணி:

மகள், அப்பாவை மறுபடி அழைக்க மாட்டார்கள். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீட்டை, 2006 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, மாகாணத்தின் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றம் விசாரிக்கிறது. அங்கே நீதிபதிகளின் முன்னால் இருப்பது வழக்கேடும், ஆவணங்களும், சட்டத்தரணிகளின் வாதமுமே.

சாட்சியை நேரில் கண்டு கேட்ட நீதிபதி, அந்த நேரடிக் காட்சியை வைத்து ஒருவரை நம்புவதா இல்லையா என்று முடிவெடுத்திருந்தால், மேல் நீதிமன்றம் அதில் எளிதில் கைவைக்காது. பிறாட் எதிர் பிரவுண் கம்பனி என்ற 1918 ஆம் ஆண்டு வழக்கில், அக்காலத்தில் நமது வழக்குகளுக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த கோமறைக் கழகம் இதை விலைமதிக்க முடியாத ஓர் அனுகூலம் என்று சொன்னதை இன்றுவரை நமது நீதிமன்றங்கள் எடுத்தாளுகின்றன. ஆனால் எல்லா முடிவுகளும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. நில அளவைப் படத்தைப் பார்த்து, காணி உறுதிப் பத்திரத்திலுள்ள எல்லை விபரத்தை ஒப்பிட்டு, ஆகவே வரம்பு இங்கேதான் இருந்திருக்க வேண்டும் என்று நீதிபதி அனுமானித்திருந்தால், அதே தாள்கள் மேலேயும் இருக்கின்றன. அதை எடைபோட மேல் நீதிமன்றத்துக்கும் அதே அளவு வசதி உண்டு. டி சில்வா எதிர் செனவிரத்ன என்ற 1981 ஆம் ஆண்டுத் தீர்ப்பு இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியிருக்கிறது. சட்டத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டிருந்தால் அங்கே கீழ் நீதிபதிக்கு எந்தச் சலுகையும் இல்லை.

உங்கள் வழக்கின் உயிர்நாடி நீதிபதி மாறியதில் இருக்கிறது என்பது என் எண்ணம். தீர்ப்பெழுதியவர் உங்கள் அப்பாவைக் காணவே இல்லை. அவருக்கும் கிடைத்தது தட்டச்சுச் செய்த தாள்தான் என்றால், அப்பாவைப் பற்றிய அவருடைய கணிப்புக்கு நேரில் கண்டவரின் கணிப்புக்குரிய மதிப்பைக் கொடுக்க வேண்டியதில்லை என்று வலுவாக வாதிடலாம். அதற்காக, நீதிபதி மாறியதே பிழை என்று எழுதிவிடாதீர்கள். முன்னவர் பதிந்த சாட்சியத்தை வைத்துப் பின்னவர் வழக்கைத் தொடர்வதற்கு நீதித்துறைச் சட்டத்தின் 48 ஆம் பிரிவு இடமளிக்கிறது.

மாங்குளத்தான்:

ஐயா சொன்னதை நான் பட்டறிந்தவன். எங்கள் காணி வழக்கில் மேன்முறையீட்டு மனு முழுவதும் "எதிராளி பொய் சொன்னார்" என்றே எழுதியிருந்தோம். ஒரே நீதிபதி எல்லாச் சாட்சிகளையும் கேட்டிருந்தபடியால் அது எடுபடவில்லை. எங்கள் அளவைப் படத்தில் பழைய கிணறு வேறொரு துண்டில் காட்டப்பட்டிருந்த பிழையை யாரும் மனுவில் தொடவே இல்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

கீழே எடுக்காத விடயத்தை மேலே புதிதாக எடுக்கலாம் என்றும் நம்ப வேண்டாம். பத்தாண்டு ஆட்சியால், அதாவது காணியைத் தொடர்ந்து கைவசம் வைத்திருந்ததால், காணி எங்களுக்கே உரித்தாகிவிட்டது என்ற வாதத்தை நாங்கள் மேன்முறையீட்டில்தான் முதன்முதலாக முன்வைத்தோம். யார், எப்போது, எப்படி ஆட்சிசெய்தார் என்பது சாட்சியத்தால் நிறுவ வேண்டியது; தனிச் சட்டக் கேள்வி மட்டுமே அப்படிப் பின்னர் எழலாம் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள்.

ஏட்டுக்காரன்:

நீதிமன்றப் பதிவு வேலையில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் அந்த ஒரு வரியைப் பற்றிச் சொல்கிறேன். சாட்சி கையால் காட்டும்போது, "படத்தில் இன்ன புள்ளியிலிருந்து இன்ன புள்ளிவரை காட்டுகிறார்" என்று பதியும்படி சட்டத்தரணி அந்த இடத்திலேயே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் "இப்படி", "அதிலே" என்ற சொற்கள் மாத்திரம் மிஞ்சும். எங்கள் பக்கத்து ஏடு தமிழில் இருப்பதால், வேறு மொழியில் நடக்கும் மேல் நீதிமன்றத்துக்கு அது போகும்போது மொழிபெயர்ப்பும் சேர்கிறது. அந்த மொழிபெயர்ப்பை வரிவரியாக மூலத்தோடு ஒத்துப் பாருங்கள், தங்கச்சி. வரம்பு என்பது வேலியாக மாறியதை நான் கண்டிருக்கிறேன். அப்பா குறுக்கு விசாரணையில் அளவைப் படத்தின் எழுத்துகளைக் குறிப்பிட்டுப் பதில் சொல்லியிருந்தால், அந்தப் பக்கங்களை முதலில் தேடி எடுங்கள்.

பழைய சட்டத்தரணி:

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். பிழை இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. அந்தப் பிழை தரப்பினரின் முக்கிய உரிமைகளைப் பாதிக்காமலும் நீதி தவறச் செய்யாமலும் இருந்தால் தீர்ப்பை மாற்றக்கூடாது என்று அரசியலமைப்பின் 138 ஆம் உறுப்புரை மேன்முறையீட்டு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துகிறது. உங்கள் மேன்முறையீட்டிலும் அந்தக் கேள்வி எழும். ஆகவே, அப்பாவின் சாட்சியத்தை ஏற்றிருந்தால் வரம்பு எங்கே விழுந்திருக்கும் என்பதைப் படத்தில் வைத்தே காட்டுங்கள்.

தீர்ப்பு எந்தத் திகதியில் வந்தது? மேன்முறையீட்டு அறிவித்தலை 14 நாட்களுக்குள் அதே மாவட்ட நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். தீர்ப்பு நாளும், கொடுக்கும் நாளும், ஞாயிறும், பொது விடுமுறையும் அந்தக் கணக்கில் சேரா. மனு, தீர்ப்பு நாளிலிருந்து 60 நாட்களுக்குள்.

வயற்கரை:

அனைவருக்கும் நன்றி. தீர்ப்பு வந்து இன்று ஒன்பதாவது நாள். நாளைக் காலை முதல் பேருந்தில் சட்டத்தரணியிடம் போகிறோம். ஏட்டின் 43 ஆம் பக்கத்தில், எதிராளியின் சட்டத்தரணி கேட்ட கேள்விக்கு, "படத்தில் ஆ என்று போட்ட இடத்தில்தான் பாலை நின்றது" என்று அப்பா பதில் சொல்லியிருக்கிறார். தீர்ப்பில் அந்தப் பதிலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.