வீடியோ காலில் கேமரா தானாக ஜூம் ஆகிறது, கைகள் தெரியவில்லை. எப்படி நிறுத்துவது?

கேள்வி:

என் தங்கைக்குக் காது கேட்காது. சின்ன வயதிலிருந்தே எங்களுக்குள் சைகை மொழிதான். அவள் வேலைக்காக வெளியூர் போனபின் தினமும் ராத்திரி வீடியோ காலில் பேசிக்கொள்கிறோம். போன மாதம் புது டேப்லெட் வாங்கினேன். அன்று பிடித்த தொல்லை இது. நான் வந்து உட்கார்ந்ததும் படம் மெல்ல மெல்ல என் முகத்தை நோக்கி நெருங்குகிறது. கடைசியில் தோளுக்கு மேலே மட்டும்தான் தெரிகிறது. நாற்காலியைப் பின்னால் தள்ளினாலும் விடுவதில்லை, கூடவே வருகிறது. என் மகன் பக்கத்தில் வந்து நின்றால் படம் விரிகிறது, அவன் போனதும் திரும்பச் சுருங்கிவிடுகிறது. அதனால் அவனையும் தூங்கவிடாமல் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுகிறேன். நேற்று அவள் ஏதோ மனக்கஷ்டம் சொல்லி அழுதாள். நான் ஆறுதல் சொல்லச் சொல்ல, "கை தெரியவில்லை, கை தெரியவில்லை" என்றே காட்டிக்கொண்டிருந்தாள். கால் செய்யும் ஆப்பின் செட்டிங்ஸ் முழுக்கத் தேடிவிட்டேன், ஒன்றும் அகப்படவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் 1:

அக்கா, பெரும்பாலும் இது ஆப்பில் இருக்காது, கருவியிலேயே இருக்கும். அகன்ற லென்ஸ் அறை முழுவதையும் எடுக்கிறது. அதில் முகம் எங்கே என்று கண்டுபிடித்து, அதைச் சுற்றி மட்டும் வெட்டி அனுப்புகிறது. இரண்டு முகம் இருந்தால் இரண்டும் அடங்குகிற மாதிரி விரியும். உங்கள் பையன் வந்தால் விரிவது அதனால்தான்.

எந்தக் கருவி என்று நீங்கள் எழுதவில்லை. ஐபேடில் இதற்குப் பெயர் சென்டர் ஸ்டேஜ், 2021 ஐபேட் ப்ரோவில் வந்தது. கால் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேல் வலது மூலையிலிருந்து கீழே இழுத்து கன்ட்ரோல் சென்டரைத் திறந்து, வீடியோவுக்கான பகுதியில் சென்டர் ஸ்டேஜ் பொத்தானை அணையுங்கள். கேமரா ஓடாத நேரத்தில் அந்தப் பொத்தான் கண்ணில் படாது, பலர் ஏமாறுவது இங்கேதான். விண்டோஸ் 11 என்றால் விண்டோஸ் பட்டனோடு ஏ அழுத்தி, ஸ்டூடியோ எஃபெக்ட்ஸில் ஆட்டோமேட்டிக் ஃப்ரேமிங்கை அணையுங்கள். வேறு டேப்லெட் என்றால் கேமரா செட்டிங்ஸில் ஆட்டோ ஃப்ரேமிங் என்று தேடிப் பாருங்கள்.

பதில் 2:

நான் சைகை மொழிபெயர்ப்பாளர். ஜூமை நிறுத்தியபின் இன்னும் ஒன்று செய்யுங்கள்: பின்னணியை மங்கலாக்கும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். கை உடம்பைவிட்டு விலகும்போது அதையும் பின்னணி என்று நினைத்து விரல்களை அழித்துவிடும். உச்சந்தலையிலிருந்து இடுப்புவரை, இரண்டு முழங்கையையும் விரித்தால் அடங்கும்படி உட்காருங்கள். விளக்கு உங்கள் முன்னால் இருக்கட்டும். வெளிச்சம் குறைந்தால் வேகமாக அசையும் கை கலங்கித்தான் தெரியும், விரலால் எழுத்துக் காட்டும்போது ஒன்றுமே புரியாது.

கேட்டவர்:

ரொம்ப நன்றி, இரண்டு பேருக்கும். கால் நடுவில் திறந்து பார்த்தேன், பொத்தான் அங்கேயே இருந்தது. முன்பு கால் இல்லாதபோதுதான் தேடியிருக்கிறேன். இன்னொரு ஆப்பில் பேசியபோது மறுபடி ஜூம் ஆனது, அங்கேயும் தனியாக அணைக்க வேண்டியிருந்தது. மேசை விளக்கையும் முன்னால் நகர்த்திவைத்தேன். நேற்று முக்கால் மணி நேரம் பேசினோம், மகன் நேரத்தோடு தூங்கப் போய்விட்டான். என் கட்டைவிரலில் சுற்றியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்து "என்ன ஆச்சு?" என்று அவள் கேட்டாள். காயம் பட்டு நாலு நாள் ஆகிறது.