புதுப்பிப்பு: எஃப்டி-101இ – ஐடில் மின்னோட்டப் பிரச்சினை தீர்ந்தது

என் எஃப்டி-101இ-யில் (யேசு, அதாவது Yaesu, நிறுவனத்தின் வால்வு ஹாம் ரேடியோ பெட்டி) பயாஸை, அதாவது இறுதி வால்வுகளின் கிரிட்டுக்கு மைனஸ் வோல்டேஜ் வைக்கும் திருகை, எவ்வளவு திருப்பினாலும் ஐடில் மின்னோட்டம் (சிக்னல் இல்லாதபோது அந்த வால்வுகளில் ஓடுவது) 60 மில்லியாம்பியரில் நிற்காமல் ஏறுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

இறுதி வால்வுகளை (ஆன்டெனாவுக்குப் போகும் சிக்னலுக்குச் சக்தி கூட்டும் கடைசி நிலை) மாற்றச் சொன்னவர்களே அதிகம். பலித்தது வேறு யோசனை: அவற்றுக்கு முந்தைய நிலையான 12பிஒய்7ஏ டிரைவர் வால்வின் பிளேட்டையும் இறுதி வால்வுகளின் கிரிட்டையும் இணைக்கும் 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் கசிந்து, பிளேட்டின் பிளஸ் வோல்டேஜைக் கிரிட்டுக்கு விடுகிறது என்பது. அதன் ஒரு முனையைக் கழற்றியதுமே கிரிட்டில் மைனஸ் வோல்டேஜ் திரும்பிவிட்டது. அதற்குப் பதிலாக 1 கிலோவோல்ட் தாங்கும் மைக்கா கெப்பாசிட்டரைப் பற்றவைத்தேன். முள் 60-இல் அசையாமல் நிற்கிறது. (அணைத்த பிறகும் உள்ளே 600 வோல்ட் தங்கியிருக்கலாம்; வடித்துவிட்டுத்தான் கைவையுங்கள்.)

எதிர்பாராதது: கிடைப்பதற்கே அரிதான 6ஜேஎஸ்6சி இறுதி வால்வுகள் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. உதிரி விலைக்குத் தள்ளிவிட இருந்த பெட்டி இது. இனி விற்பதாக இல்லை.