புதுப்பிப்பு: காந்தப்புலத்தில் பிளவுபடாத கோண்டோ முகடு

மறுமொழி எழுதிய அனைவருக்கும் நன்றி. டெர்பியம் அயனியை இரு தாலோசயனின் வளையங்கள் தாங்கிய மூலக்கூறைத் தங்க மின்முனைகளுக்கிடையே வைத்து, 0.3 கெல்வினில் அளந்தபோது, சுழி மின்னழுத்தத்தில் தோன்றும் கடத்துத்திறன் முகடு (இணையற்ற எலக்ட்ரானின் தற்சுழற்சியை மின்முனை எலக்ட்ரான்கள் மறைப்பதால் எழும் கோண்டோ முகடு) 8 டெஸ்லாவிலும் ஏன் பிளவுபடவில்லை என்று கேட்டிருந்தேன்.

கோண்டோ வெப்பநிலை (இம்மறைப்பின் வலிமையைக் காட்டும் அளவு; அது கூடினால் முகடு அகலும், பிளக்கக் கூடுதல் புலம் வேண்டும்) மிக அதிகம் என்ற விளக்கம் பொருந்தவில்லை. முகட்டின் அகலத்திலிருந்து நான் கணித்த 15 கெல்வினுக்கே ஏறத்தாழ 5.6 டெஸ்லாவில் பிளவு தொடங்கியிருக்க வேண்டும். கைகொடுத்தது, லாக்-இன் பெருக்கியின் (சிறு அலைவு மின்னழுத்தம் செலுத்தி, அதே அதிர்வெண்ணில் வரும் பதிலை மட்டும் அளக்கும் கருவி) அலைவு மின்னழுத்தத்தைக் குறைக்கச் சொன்ன ஜூரோங் நண்பரின் யோசனைதான். நான் வைத்திருந்த ஆர்.எம்.எஸ். (அலைவின் பயனுறு மதிப்பு) 1 மில்லிவோல்ட், எவ்வளவு கூர்மையான முகட்டையும் சுமார் 2.4 மில்லிவோல்ட் அகலத்துக்குப் பரப்பிவிடும். எதிர்பார்த்த பிளவோ 1.85 மில்லிவோல்ட். அலைவு மின்னழுத்தத்தை 0.1 மில்லிவோல்ட் ஆக்கி, பிற்பகல் இடிமழை ஓய்ந்த பின் இரவு முழுதும் சராசரி எடுத்தபோது, திரையில் ஒற்றை மேடு மெல்ல நடுவில் குழிந்து, ±0.93 மில்லிவோல்ட் அருகே இரு முகடுகளாகப் பிரிந்தது.

எதிர்பாராதது ஒன்று: புலமற்ற நிலையிலும் அகலம் 0.7 மில்லிவோல்ட்டாகச் சுருங்கியதால், உண்மையான கோண்டோ வெப்பநிலை 4 கெல்வின் அளவே. ஜி காரணி (புலத்துக்கேற்பப் பிளவு எவ்வளவு என்பதைக் காட்டும் எண்) தனி எலக்ட்ரானுக்குரிய 2-ஐ ஒட்டியிருப்பதால், இந்தத் தற்சுழற்சி டெர்பியத்தினுடையதன்று, வளையங்களில் உள்ள இணையற்ற எலக்ட்ரானுடையது என்றே கருதுகிறேன்.