போர்க் கவிதை படித்து எந்த இடத்தில் உடைந்தீர்கள்?

முதல் பதிவு:
புறநானூறு 279, ஒக்கூர் மாசாத்தியார். பள்ளியில் எல்லாரும் படித்ததுதான். நேற்றைய போரில் கணவன் போய்விட்டான், இன்றைக்கும் பறை கேட்கிறது, ஒரே மகன் கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். 'மறக்குடி மகளிரின் வீரம்' என்று எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். போன வாரம் மகனுக்குத் தலை வாரும்போது 'பாறுமயிர்க் குடுமி எண்ணெய் நீவி' என்ற வரி வந்து நின்றது. பறை கேட்ட பிறகும் பையன் பரட்டைத் தலையோடு போகக் கூடாது என்று எண்ணெய் வைத்திருக்கிறாள். "அம்மா, வலிக்குது" என்றான் என் மகன். அப்போதுதான் அவன் முடியை இறுக்கிப் பிடித்திருப்பது எனக்கே தெரிந்தது.

பதில்:
எனக்கு வில்ஃபிரட் ஓவன், முதல் உலகப் போரில் போரிட்ட ஆங்கிலக் கவிஞர். 1917இல் எழுதிய அந்த நச்சுவாயுக் கவிதை. வகுப்பில் வாசித்துக்கொண்டே வந்தேன். முகமூடி மாட்ட முடியாதவன் பச்சை வெளிச்சத்துக்குள் மூழ்குகிறவனைப் போலத் தவிக்கும் இடத்தில் குரல் அடைத்துவிட்டது. பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். பக்கத்துப் பையன் ஒன்றும் சொல்லாமல் அவன் கையைப் பிடித்து அழுத்தினான். அந்தக் கை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஓவன் இறந்தது 1918 நவம்பர் 4, வயது 25. ஒரே வாரத்தில் போர் நின்றது. அவர் இறந்த தந்தி அம்மாவுக்கு வந்ததும் போர் நின்ற அந்த நாளில்தான். இதை மாணவர்களிடம் சொல்லலாம் என்று இருந்தேன், சொல்ல முடியவில்லை.

பதில்:
முதலில் எழுதியவருக்கு: 279 பெருமைப் பாட்டு. நம் அழுகையை அவள்மேல் ஏற்றக் கூடாது. 278ஐப் பாருங்கள். மகன் தோற்றோடினான் என்று ஊர் சொல்ல, கிழவி வாளோடு போய்ப் பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். சிதைந்து கிடப்பவனைக் கண்டு, பெற்ற நாளைவிட மகிழ்ந்தாள் என்கிறார் காக்கைபாடினியார். நான் புத்தகத்தை மூடி வைத்தேன், அவ்வளவுதான். அப்புறம் ஒன்று. இந்த மாதிரிக் கவிதைகளைத் தூங்கப் போகும்முன் படிக்காதீர்கள். ஒரே மூச்சில் நாலைந்து வேண்டாம், ஒரு நாளைக்கு ஒன்று போதும். வாய்விட்டுப் படியுங்கள், கண் தாண்டிவிடும் வரியை நாக்கு தாண்டாது. உரையை முதலில் பார்க்காதீர்கள், அது எப்படி உணர வேண்டும் என்றே சொல்லிக் கொடுத்துவிடும். அழுகை வந்தால் அடக்காதீர்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் எடுக்காதீர்கள்.

முதலில் எழுதியவர்:
நான் எடுத்துப் படிக்கவில்லையே, அதுவாக வந்தது. பெருமைதான், சரி. அப்படியென்றால் 'கெடுக சிந்தை கடிதிவள் துணிவே', இவள் சிந்தை கெடுக, இவள் துணிவு கொடியது என்று ஏன் தொடங்குகிறார்? பார்த்துக்கொண்டு நின்ற புலவருக்கே தாங்கவில்லை. 'ஒருமகன் அல்லது இல்லோள்' என்றும் எண்ணிச் சொல்கிறார். அவன் திரும்பினானா என்று நேற்று மறுபடி தேடினேன். 'செல்க' என்று அனுப்புவதோடு பாட்டு நின்றுவிடுகிறது.